பூனாவின் வாடாக்களும் குடிக்கூலியும்

மனிதனுக்கு இன்றியமையாதவை உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்று என்பர் பெரியோர். இவற்றுள் முதலிரண்டையும் கடைவீதியில் வாங்கி வீட்டிற்குக் கொண்டு வந்துவிடலாம். உறையுளை அவ்வாறு கொண்டு வர இயலாது. அது இருக்குமிடத்தை நாடி நாமே செல்ல வேண்டும். செல்லும் ஊரிலோ நமக்கு முன்பே நூறு பேர் அதே வாசற்படியில் காத்து நிற்பர். ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதுவோர் அங்கு மாளிகை எழுப்பிய மன்னர்களை மறவாமல் குறிப்பிடுகின்றனர். அந்த மாளிகையின் ஒரு மூலையில் அறை எடுத்து, மாதந்தோறும் குடிக்கூலி கொடுத்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்களைப் பற்றிப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அவர்களுடைய கதையை, புணே என்று இன்று வழங்கும் பூனா நகரத்தைக் கொண்டு சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

பூனாவின் பழைய பகுதிகள் பேட்டைகளாகப் பிரிந்தவை. மராத்தியர் ‘பேட்’ என்பது நம்முடைய ‘பேட்டை’தான். கஸ்பா, சனிவார், நாராயண், சதாசிவ், புதவார், ராஸ்தா என்று அவற்றின் பெயர்கள் நீளும். இந்தப் பேட்டைகளில் பேஷ்வாக்கள் காலத்தில் எழுந்த பெருமனைகளுக்கு ‘வாடா’ என்று பெயர். முதன்முதலாகப் பூனாவுக்குச் செல்லும் தமிழர் காதில் இச்சொல் யாரையோ உரிமையோடு கூப்பிடுவதுபோல் விழுந்தாலும், இது மரியாதைக்குரிய மனையையே குறிப்பது. முதலாம் பாஜிராவ் 1730ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டிய சனிவார் வாடா இவற்றுள் தலையாயது. இரண்டாம் பாஜிராவ் கட்டிய விசிராமபாக் வாடா மற்றொன்று. இவற்றைத் தவிர, சர்தார்களும் லேவாதேவிக்காரர்களும் புரோகிதர்களும் கட்டிய சிறிய, பெரிய வாடாக்கள் பேட்டைகள் எங்கும் நிறைந்திருந்தன.

கருங்கல் அடித்தளம், தேக்கு மரச் சட்டம், செங்கற் சுவர், நடுவே திறந்த முற்றம், முற்றத்தைச் சூழ்ந்த தாழ்வாரம் என்பதே வாடாவின் அமைப்பு. தெருவை நோக்கிய பெரிய கதவில் குனிந்து நுழையத்தக்க ஒரு சிறு கதவு இருக்கும். வசதி மிக்க வாடாக்களில் இரண்டு மூன்று முற்றங்களும் உண்டு. பெரிய கூட்டுக் குடும்பம் ஒன்று ஆட்களோடும் குதிரைகளோடும் வாழ்வதற்கென அமைந்த வீடு அது.

1818ஆம் ஆண்டில் பேஷ்வாக்களின் ஆட்சி முடிவுற்றது. அரசவை கலைந்தது, அதனை நம்பி வாழ்ந்தோரின் வருவாயும் குன்றியது. குதிரைகள் போயின, ஆட்கள் போயினர், வீடு மட்டும் நின்றது. பெரிய வீட்டைப் பழுது பார்க்கவும் பணம் வேண்டுமன்றோ? நாளடைவில் வாடாவின் சொந்தக்காரர்கள் முதலில் பின்கட்டையும், பிறகு மாடியையும், இறுதியில் முற்றத்தைச் சுற்றிய அறைகளையும் வாடகைக்கு விடலாயினர்.

வாடகைக்கு வரத்தக்க மக்களும் நகரத்தில் பெருகினர். 1880ஆம் ஆண்டில் நியூ இங்கிலீஷ் ஸ்கூலும் 1885ஆம் ஆண்டில் பெர்குஸன் கல்லூரியும் தோன்றின. கொங்கணக் கரையிலிருந்தும் தக்காணத்துச் சிற்றூர்களிலிருந்தும் மாணவர்கள் வந்து குவிந்தனர். கையில் காசில்லாத மாணவனுக்கு ஒரு வாடா மாடிப்படியின் கீழ் படுக்க இடம் கொடுத்தது. வாரத்தின் ஏழு நாள்களுக்கும் ஏழு வீடுகள் முறை வைத்துச் சோறிட்டன. நம் நாட்டிலும் ‘வாரச் சாப்பாடு’ என்று இம்முறை இருந்ததை முதியோர் அறிவர். அது சாதி எல்லைக்குள் அடங்கிய உதவி என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1909ஆம் ஆண்டில் பூனாவில் தோன்றிய அநாத வித்யார்த்தி கிருகம் ஏழை மாணவர்களுக்கு உறைவிடம் அளிப்பதை ஒரு நிறுவனத்தின் கடமையாக்கியது. இருக்க இடமும் உண்ண உணவும் இல்லாமல் கல்வி இல்லை என்பதை அந்நகரம் முன்னரே உணர்ந்திருந்தது எனலாம்.

மாணவர்களைத் தொடர்ந்து குமாஸ்தாக்கள் வந்தனர். ரயில்வே, இராணுவக் கணக்கு அலுவலகம், கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலை ஆகியவை வேலை கொடுத்தன. தமிழர் பலரும் இவ்வழியே வந்து ராஸ்தா பேட்டையிலும் கிர்க்கியிலும் குடியேறினர். ஒரே முற்றத்தில் பத்துக் குடும்பங்கள், ஒரே குழாய், ஒரே கழிப்பிடம், காலை ஐந்து மணிக்குத் தவலைகளின் வரிசை. சென்னையில் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் நாம் ‘ஸ்டோர்’ என்றும் ‘ஒண்டுக்குடித்தனம்’ என்றும் கூறும் வாழ்க்கையே அங்கு வாடா வாழ்க்கையாக நடந்தது. இடைஞ்சல் உண்டு, பூசல் உண்டு. பிரசவ வேளையில் அடுத்த அறைக்காரி ஓடி வரும் ஆதரவும் உண்டு.

நெருங்கி வாழ்வதன் கேட்டை 1896ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பிளேக் நோய் காட்டியது. 1897ஆம் ஆண்டில் அதிகாரி ராண்டு என்பவரின் தலைமையில் சிப்பாய்கள் வீடு வீடாய்ப் புகுந்து சோதனை நடத்தினர். நோயாளிகளைப் பிரித்தனர், உடைமைகளை அழித்தனர். மக்களின் மனம் புண்பட்டது. அவ்வாண்டு ஜூன் 22ஆம் நாள் ராண்டு சுடப்பட்டதும், அதன் பின் நடந்தவையும் தேசிய வரலாற்றில் இடம் பெற்றவை. நம்முடைய பொருளுக்கு வேண்டியது வேறொன்று. இருட்டறையில் ஏழை நெருங்கி வாழ்வது அவனுடைய சொந்தத் துன்பம் மட்டுமன்று, ஊர் முழுவதற்குமான ஆபத்து என்பதை அரசினர் அப்போதுதான் கண்டுகொண்டனர். பம்பாயில் 1898ஆம் ஆண்டில் நகரச் சீர்திருத்த டிரஸ்டு அமைந்தது இந்த அச்சத்தின் விளைவே. எனினும் நோயைக் கண்டு வீட்டை இடிக்கத் துணிந்த அளவுக்கு, இடித்தவர்களுக்கு மாற்று வீடு கட்டித் தர அந்நாளைய அரசு துணியவில்லை.

அடுத்து வந்தவை இரண்டு உலகப் போர்கள். போர்க்காலத்தில் இரும்பும் சிமெண்டும் படைக்குப் போய்விடும். வீடு கட்டும் வேலை நின்றுவிடும். தொழிற்சாலைகளிலோ ஆள் பெருகும். வீட்டுக்காரன் கேட்டதே வாடகை என்றாகிவிடும். இந்நிலை உலகெங்கும் இருந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 1915ஆம் ஆண்டில் கப்பல் கட்டும் தொழிலாளரின் மனைவியர் உயர்ந்த வாடகையைக் கொடுக்க மறுத்துத் தெருவில் திரண்டனர். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியது. பம்பாய் மாகாணத்தில் 1918ஆம் ஆண்டில் அத்தகைய சட்டம் பிறந்தது. இரண்டாம் உலகப் போரை ஒட்டி 1939, 1944 ஆகிய ஆண்டுகளில் மேலும் சட்டங்கள் வந்தன. சென்னை மாகாணமும் 1946, 1949 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 1960ஆம் ஆண்டிலும் இத்தகைய சட்டங்களைச் செய்தது.

இவற்றுள் பூனாவின் தலைவிதியை நிர்ணயித்தது 1947ஆம் ஆண்டின் 57ஆவது சட்டமாகிய பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 பிப்ரவரி 13ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 1940 செப்டம்பர் 1ஆம் நாள் ஓர் அறைக்கு என்ன வாடகையோ அதுவே அதற்கு உரிய நியாய வாடகை. அதற்குப் பின் முதன்முறையாக வாடகைக்கு விடப்பட்ட இடமானால், முதலில் விட்ட வாடகையே நியாய வாடகை. வரி உயர்வு, வீட்டில் செய்த மேம்பாடு ஆகியவற்றிற்காகச் சிறிது கூட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் கூடாது. வாடகையை ஒழுங்காகச் செலுத்தும் குடியைச் சட்டம் கூறும் காரணமின்றி வெளியேற்றவும் கூடாது. குறுகிய காலத்துக்கென்று பிறந்த இச்சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு அரை நூற்றாண்டு வாழ்ந்தது.

இச்சட்டத்தின் நன்மையை முதலில் கூறுவதே முறை. மாதம் அறுபது ரூபாய் வாங்கிய ஆசிரியரும், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவரும், விதவைத் தாயும் நகரத்தின் நடுவில், பள்ளிக்கும் சந்தைக்கும் நடந்து செல்லும் தூரத்தில், அச்சமின்றி வாழ அது வழி செய்தது. அரசு ஒரு காசும் செலவிடாமல் பல்லாயிரம் குடும்பங்களுக்கு உறையுளை உறுதிப்படுத்திய சட்டம் அது.

அரசு செலவிடவில்லையாயின், செலவிட்டவர் யார்? இந்தக் கேள்விதான் நம்முடைய ஆராய்ச்சியின் மையம். எடுத்துக்காட்டாக, 1940ஆம் ஆண்டில் மாதம் பத்து ரூபாய்க்கு விடப்பட்ட ஓர் அறையை எண்ணிப் பார்ப்போம். அரிசியின் விலை உயர்ந்தது. கொத்தனாரின் கூலி உயர்ந்தது. தேக்கு மரத்தின் விலை கைக்கெட்டாமற் போயிற்று. பத்து ரூபாய் மட்டும் ஏறத்தாழப் பத்து ரூபாயாகவே நின்றது. வெளியில் அத்தகைய அறைக்குக் கிடைக்கும் வாடகைக்கும் இந்தப் பத்து ரூபாய்க்கும் உள்ள வேறுபாடு குடியிருப்பவருக்குக் கிடைத்த உதவித்தொகை. அதனை மாதந்தோறும் கொடுத்தவர் வாடாவின் சொந்தக்காரர். சொந்தக்காரர் எல்லோரும் செல்வரல்லர். குடியிருப்பவரைவிட வறியவராய், தம் பாட்டனார் வீட்டின் ஓர் அறையில் தாமும் ஒண்டியிருந்தோரும் உண்டு. உதவி பெறுவோரின் தேவையைச் சட்டம் அளந்து பார்க்கவில்லை. உதவி கொடுப்போரின் வசதியையும் அளந்து பார்க்கவில்லை.

இதன் முதல் விளைவு வீட்டின் மேல் விழுந்தது. ஓடு மாற்றினால் ஓராண்டு வாடகை போய்விடும் என்ற நிலையில் யார் ஓடு மாற்றுவார்? மழை ஒழுகியது, உத்திரத்தில் கறையான் ஏறியது, மண் சுவர் ஊறியது. பம்பாய்த் தீவு நகரத்தில் 1969ஆம் ஆண்டின் சட்டப்படி பழைய கட்டடங்களின் மீது ஒரு தீர்வை விதித்து, அரசுப் பணமும் சேர்த்து, அவற்றைப் பழுது பார்க்க வாரியம் ஒன்று அமைந்தது. பூனாவின் வாடாக்களுக்கு அந்த ஏற்பாடு கிட்டவில்லை. இரண்டாவது விளைவு, புதிதாக வீடு தேடியவர்களின் மேல் விழுந்தது. ஒருமுறை உள்ளே வந்தவர் வெளியேறமாட்டார் என்று அஞ்சிய உரிமையாளர் அறையைப் பூட்டி வைத்தார். அல்லது ‘பகடி’ என்னும் முன்பணத்தை இரசீதின்றி வாங்கிக்கொண்டு கொடுத்தார். உள்ளே இருப்பவருக்குக் காவலாய் நின்ற கதவு, வெளியே நிற்பவருக்குத் தடையாயிற்று.

இந்நிலையில் 1961ஆம் ஆண்டு வந்தது. பூனாவுக்கு மேற்கே கட்டி முடியாத நிலையிலிருந்த பான்ஷேத் மண் அணை, ஜூலை 12ஆம் நாள் காலையில் உடைந்தது. முன்னிரவு முழுவதும் படை வீரர்கள் மணல் மூட்டைகளை அடுக்கிப் போராடியும் பயனில்லை. பாய்ந்த நீர் கீழேயிருந்த கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு, முட்டா ஆற்றின் வழியே நகரத்திற்குள் புகுந்தது. லக்டி பாலம் மூழ்கியது. நாராயண், சனிவார், கஸ்பா, சோமவார், மங்களவார் பேட்டைகளின் ஆற்றோரப் பகுதிகளில் நீர் மாடி வரை ஏறியது. மண்ணும் செங்கல்லும் கொண்ட சுவர்கள் ஊறி உட்கார்ந்தன. பழுது பார்க்கப்படாமல் நின்ற வாடாக்கள் வரிசையாகச் சரிந்தன. நகரத்துக்குக் குடிநீர் தந்த கடக்வாஸ்லாவே போய்விட்டமையால், வெள்ளம் வடிந்தபின் குடிக்க நீரின்றி மக்கள் பழைய கிணறுகளை நாடினர்.

அப்போது பூனா ஏறத்தாழ 6 லட்சம் மக்கள் வாழ்ந்த நகரம். வெள்ளத்தில் வீடிழந்தோரில் பெரும் பகுதியினர் வாடகைக் குடிகள். சொந்தக்காரனுக்கு வீடு போனாலும் மனை எஞ்சியது. குடியிருந்தவனுக்கு எஞ்சியது என்ன? பத்து ரூபாய் வாடகை என்னும் உரிமை, நான்கு சுவர்கள் நின்ற வரையில்தான் பொருளுடையது. பாத்திரமும் படுக்கையும் இழந்ததைவிட, நகரத்தின் நடுவே மலிவான குடிக்கூலிக்கு இருந்த இடத்தை இழந்ததே அவனுக்குப் பெரிய இழப்பு. அதே பேட்டையில் புதிதாக அறை தேடினால், அவனுடைய சம்பளத்தின் பெரும் பகுதியைக் கேட்டிருப்பர்.

இந்த நெருக்கடியில்தான் அரசு தானே உறையுள் அளிக்க முன்வந்தது. முதலில் பள்ளிகளிலும் கொட்டகைகளிலும் தங்க இடம் தந்தது. பிறகு நகரத்தின் விளிம்பில் கோகலே நகர், சஹகார் நகர் முதலிய குடியிருப்புகள் எழுந்தன. வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோர் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களாக ஒன்றுகூட, அவற்றிற்கு அரசு நிலத்தைக் குத்தகையாக அளித்தது. வாடாவில் பின்கட்டு அறையில் இருந்தவர் பலர் இவ்வாறு முதன்முறையாகத் தமக்கென ஒரு வாசலைப் பெற்றனர். பெற்றதற்கு விலையும் உண்டு. சந்தையும் பள்ளியும் அலுவலகமும் தொலைவாயின. முற்றத்தில் கூடிய பத்துக் குடும்பங்களும் பத்துத் திசைகளில் பிரிந்தன.

இவ்விடத்தில் மற்றொரு நகரத்தை நினைவு கூர்வது பயனுடையதாகும். அதே 1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் சிங்கப்பூரில் புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப் பகுதியைத் தீ அழித்தது. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதற்கு முந்திய ஆண்டுதான் தோன்றியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், வெந்த நிலத்திலேயும் அதன் அருகிலும் மாடிக் குடியிருப்புகளைக் கட்டிக் குறைந்த வாடகைக்கு விட்டது. 1964ஆம் ஆண்டு முதல் குடியிருப்போருக்கே வீடுகளை விற்கவும் தொடங்கியது. அங்கு அந்தத் தீவிபத்து, பெருந்திட்டம் ஒன்றின் தொடக்கமாயிற்று. பூனாவில் வெள்ளம் ஒரு நிவாரணப் பணியோடு நின்றது. வெள்ளத்தில் சாயாத வாடாக்களில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் முன்போலவே நீடித்தது.

அதன் பின் சட்டத்துக்கும் உரிமையாளருக்கும் இடையே ஒரு நீண்ட கண்ணாமூச்சி நடந்தது. வாடகைக்கு விட்டால் சட்டம் பற்றும் என்பதால், ‘அனுமதி’ கொடுத்து இருக்கச் செய்தோம் என்று ஒப்பந்தம் எழுதினர். அவ்வாறு அனுமதி பெற்று 1973 பிப்ரவரி 1ஆம் நாள் குடியிருந்தவர்களையும் வாடகைக் குடிகளாகவே கருத வேண்டும் என்று அரசு சட்டத்தைத் திருத்தியது. அஞ்சிய உரிமையாளர் மேலும் அஞ்சினர். பதினொரு மாத ஒப்பந்தம் பெருவழக்காயிற்று.

1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. 1940ஆம் ஆண்டின் வாடகையை என்றென்றும் உறையச் செய்யும் விதிகள் காலப்போக்கில் நியாயமற்றவையாகிவிட்டன என்று அது கருதியது. சட்டம் 1998 மார்ச் 31 வரையே உயிரோடிருந்தமையால் அதனைச் செல்லாதென அறிவிக்காமல், புதிய சட்டம் செய்யும் பொறுப்பை அரசிடம் விட்டது. அதன் பயனாக மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999 பிறந்து, 2000 மார்ச் 31ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1987 அக்டோபர் 1ஆம் நாள் இருந்த வாடகையோடு 5 விழுக்காடு கூட்டி அதனை நியாய வாடகை என்று வகுத்தது. ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்த்தவும் இடம் தந்தது. வங்கிகளையும், 1 கோடி ரூபாய்க்குக் குறையாத மூலதனம் செலுத்தப்பெற்ற கம்பெனிகளையும் பாதுகாப்பிலிருந்து நீக்கியது. ஒப்பந்தங்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது.

திருத்தம் நல்லதே. ஆயினும் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் அளவு விளங்கும். பத்து ரூபாய் அறை பத்தரை ரூபாயாகித் தொடங்கி, ஆண்டுதோறும் கூட்டு வட்டிபோல் நான்கு விழுக்காடு ஏறினாலும், இருபது ஆண்டு கழித்து 23 ரூபாய்தான் ஆகும். அந்தப் பணத்தில் ஒரு தேக்கு உத்திரத்தை மாற்ற முடியுமா? ஆகவே வாடா இடிந்து விழும் வரை காத்திருப்பதும், மனையைக் கட்டுமானக்காரரிடம் ஒப்படைப்பதும் உரிமையாளருக்கு இலாபமாகத் தோன்றியது. மழைக்காலம் தோறும் நகராட்சி மன்றம் அபாயமான வாடாக்களுக்கு அறிவிப்பு ஒட்டுவது வழக்கமாயிற்று. வீடு இடிந்தால் குடியுரிமையும் இடிந்ததா என்ற வழக்கும் எழுந்தது. கட்டடம் போனாலும் நிலம் இருப்பதால், அதனாலேயே குடியிருப்பவரின் உரிமை அழிந்துவிடாது என்று 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்ப்புக் கூறினர். சுவர் விழும் நாளை எண்ணிக் காத்திருந்தவர்களுக்கு அது ஒரு தடை. சுவருக்குள் அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு ஓர் ஆறுதல்.

இந்திய நகரங்களில் 1961ஆம் ஆண்டில் நூற்றுக்கு 54 குடும்பங்கள் வாடகை வீட்டில் இருந்தன. 2011ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 28 ஆகக் குறைந்தது. அதே 2011ஆம் ஆண்டின் குடிமதிப்பில், நகரங்களில் ஆளின்றிப் பூட்டிக் கிடந்த வீடுகள் 1 கோடிக்கும் மேல் என்று தெரிய வந்தது. அப்போது 31 லட்சம் மக்களைக் கொண்டிருந்த பூனாவுக்கு வேலை தேடி வந்தவர்கள் எல்லோரும் சொந்த வீடு வாங்கிவிட்டனர் என்பது இதன் பொருளன்று. வாடகைக்கு வீடு விடுவதில் உரிமையாளருக்கு நம்பிக்கையில்லை. ஏழைக்கோ பதிவில்லாத குடிசையே வாடகை வீடாயிற்று.

ஏழைக்குக் குடிக்கூலியில் உதவ வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவ்வுதவியைச் செய்ய மூன்று வழிகளை உலகம் கண்டிருக்கிறது. முதலாவது, வாடகையை உறையச் செய்வது; அதன் செலவு வீட்டுக்காரர் மேலும் வீட்டின் மேலும் விழுகிறது. இரண்டாவது, பொதுப் பணத்தில் வீடு கட்டிக் குறைந்த வாடகைக்கு விடுவது. வியன்னா நகராட்சி 1920களில் இதனைச் செய்தது. 1930ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் இன்றும் நிற்கிறது. காரணம், கட்டியதோடு பராமரிப்பையும் அந்நகரம் மறவாமை. மூன்றாவது, குடும்பத்தின் வருவாயில் ஒரு பங்கை அது தர, மிகுதி வாடகையை அரசு செலுத்துவது. அமெரிக்க நாட்டில் 1974ஆம் ஆண்டு முதல் இம்முறை நடக்கிறது. இந்திய அரசு 2020ஆம் ஆண்டில் இரண்டாவது வழியைத் தழுவி, தொழிலாளருக்கான வாடகைக் குடியிருப்புத் திட்டத்தை அறிவித்தது. 2024ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரியின் புதிய நகர வீட்டுத் திட்டத்திலும் வாடகை வீடு ஒரு தனிப் பிரிவாக இடம் பெற்றது. சொந்த வீடு ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டிருந்த நம் கொள்கையில் இது ஒரு நல்ல மாற்றம்.

பூனாவின் வாடாக்கள் நமக்கு உணர்த்துவது இதுவே. ஒரு குடும்பத்தின் உறையுளைக் காப்பது சமுதாயம் முழுவதன் கடமையாயின், அதன் செலவையும் சமுதாயம் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவ்வாறு பகிராமல் ஒருவர் தலையில் மட்டும் சுமத்தினால், அவர் சில காலம் தாங்குவார். பின்னர் அவருடைய வீடு தாங்கும். இறுதியில் உத்திரம் முறியும்போது, கீழே படுத்திருப்பவர் நாம் காக்க எண்ணிய அதே ஏழையாகவே இருப்பார்.